டெர்பி 2 நிமிஷம்தான்... கதை 8 மாசம்! குதிரை ரேஸை ஃபாலோ பண்ண ஒரு கைடு

2023 ஏப்ரல். அமெரிக்காவில் ஃப்ளோரிடா டெர்பி. ஃபோர்ட்டே என்கிற குதிரை முதலிடம், மேஜ் என்கிற குதிரை இரண்டாமிடம். ஐந்து வாரம் கழித்து, எல்லோரும் காத்திருந்த கென்டக்கி டெர்பி. ஃபோர்ட்டேதான் ஃபேவரைட். ஆனால், ரேஸ் அன்று காலையில் அதன் முன்னங்கால் பாதத்தில் அடிபட்டிருப்பதைப் பார்த்த கால்நடை மருத்துவர்கள், 'இது ஓடக் கூடாது' என்று நிறுத்திவிட்டார்கள். அன்று மாலை ஜெயித்தது மேஜ்.

2025 மார்ச். அதே ஃப்ளோரிடா டெர்பி. டப்பன் ஸ்ட்ரீட் முதலிடம், சாவரின்ட்டி இரண்டாமிடம். கென்டக்கி டெர்பிக்கு ஒரு வாரமே இருக்கும்போது டப்பன் ஸ்ட்ரீட்டின் கால் எலும்பில் முறிவு. ரேஸிலிருந்து விலகல். டெர்பியை ஜெயித்தது... ஆமாங்க, சாவரின்ட்டி!

கென்டக்கி டெர்பியை 'விளையாட்டு உலகின் மிகப் பரபரப்பான 2 நிமிடங்கள்' என்பார்கள். அந்த 2 நிமிஷத்தை மட்டும் பார்த்தால், யாரோ ஓடினார்கள், யாரோ ஜெயித்தார்கள், அவ்ளோதான். ஆனால், அதற்கு முன்னால் எட்டு மாசமாக நடக்கும் 'பிரெப் ரேஸ்'களைப் பின்தொடர்ந்தால், ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு கதை இருப்பது தெரியும். இந்தக் கதைகளில் முதலில் வருவதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மே மாதம் வரைக்கும் காலும் மூச்சும் நல்லபடியாகத் தாங்குவது!

எப்படிப் பின்தொடர்வது, எதைக் கவனிப்பது? வாங்க, பார்க்கலாம்.

முதலில் பேஸிக்ஸ்

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் இருக்கிறது சர்ச்சில் டவுன்ஸ் மைதானம். 1875-ல் இங்கே முதல் டெர்பி நடந்தது. அரிஸ்டைடிஸ் என்கிற குதிரை ஜெயித்தது. ஓட்டியவர் ஆலிவர் லூயிஸ் என்கிற கறுப்பின ஜாக்கி. அன்று ஓடிய 15 குதிரைகளில் 13-ஐ ஓட்டியது கறுப்பின ஜாக்கிகள்தான்.

மே மாதத்தின் முதல் சனிக்கிழமை ரேஸ். கோவிட் நேரத்தில் 2020-ல் மட்டும் செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. தூரம் ஒன்றேகால் மைல், அதாவது சுமார் 2 கிலோமீட்டர். மண் டிராக். அதிகபட்சம் 20 குதிரைகள். 2024 முதல் மொத்தப் பரிசு 50 லட்சம் டாலர்.

முக்கியமான ரூல் இதுதான்: 3 வயதுக் குதிரைகள் மட்டுமே ஓட முடியும். 2 வயதில் ரொம்பச் சீக்கிரம், 4 வயதில் ரொம்ப லேட். ஒரு குதிரைக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு டெர்பிதான். 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

வட அமெரிக்காவில் வருடத்துக்கு 15,000-க்கும் அதிகமான தரோபிரெட் குட்டிகள் பிறக்கின்றன. அவற்றில் 20 மட்டும்தான் அந்த கேட்டில் போய் நிற்கும்.

இன்னொரு சுவாரஸ்யம்... இந்தக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் பிறந்தநாள் ஜனவரி 1! எந்த மாதத்தில் பிறந்திருந்தாலும் கணக்குக்கு அப்படித்தான். அதனால் பிப்ரவரியில் பிறந்த குதிரையும், மே கடைசியில் பிறந்த குதிரையும் 'ஒரே வயசு' என்று சேர்ந்து ஓடும். நம்ம ஸ்கூலில் ஒரே கிளாஸில் ஜூன் மாசப் பையனும் அடுத்த மே மாசப் பையனும் உட்கார்ந்திருப்பார்களே, அந்த மாதிரி. 1964-ல் டெர்பி ஜெயித்த நார்தர்ன் டான்ஸர் பிறந்தது 1961 மே 27. டெர்பி நடந்தது மே 2. நிஜக் கணக்கில் அதற்கு 3 வயது முடியவே இல்லை.

பாயின்ட்ஸ் டேபிள்: ஐ.பி.எல் மாதிரிதான்

20 இடத்துக்கு யார் யார் என்று எப்படி முடிவு செய்வது? 2013-க்கு முன்பு, தரவரிசை பெற்ற பெரிய ரேஸ்களில் சம்பாதித்த பரிசுப் பணத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். அதில் ஒரு சிக்கல். 2 வயதில் ஏதோ ஒரு குட்டி தூர ரேஸில் பெரிய பணம் அடித்த குதிரை, 2 கிலோமீட்டர் ஓடத் தெம்பு இருக்கிறதோ இல்லையோ, உள்ளே வந்துவிடும்.

2013-லிருந்து பாயின்ட்ஸ் சிஸ்டம். ஐ.பி.எல் லீக் ஸ்டேஜ் தெரிந்தவர்களுக்கு இது ஈஸியாகப் புரியும். ஒரே ஒரு வித்தியாசம், இங்கே மேட்ச் போகப் போக பாயின்ட் ஏறிக்கொண்டே போகும்.

* செப்டம்பர் முதல் ஜனவரி வரை: குதிரைகள் இன்னும் 2 வயதில் இருக்கும்போதே ஆரம்பம். சர்ச்சில் டவுன்ஸில் நடக்கும் இரோக்வா ஸ்டேக்ஸ் மாதிரியான ரேஸ்கள். பெரும்பாலும் ஜெயித்தால் 10 பாயின்ட்தான். இதை 'அட்டென்டன்ஸ்' என்று வைத்துக்கொள்ளலாம்.

* பிப்ரவரி, மார்ச்: ஆட்டம் சூடு பிடிக்கும். நியூ ஆர்லியன்ஸில் ரைஸன் ஸ்டார், ஃப்ளோரிடாவில் ஃபவுன்டன் ஆஃப் யூத், அர்க்கன்ஸாவில் ரெபல், கலிஃபோர்னியாவில் சான் ஃபெலிப்பே, நியூயார்க்கில் காதம். ஜெயித்தால் 50.

* மார்ச் கடைசி முதல் ஏப்ரல் நடுவரை: மெயின் பிக்சர். ஃப்ளோரிடா டெர்பி, லூசியானா டெர்பி, அர்க்கன்ஸா டெர்பி, சான்டா அனிட்டா டெர்பி, நியூயார்க்கின் வுட் மெமோரியல், கென்டக்கியிலேயே நடக்கும் ப்ளூ கிராஸ். முதல் ஐந்து இடங்களுக்கு 100, 50, 25, 15, 10 பாயின்ட்கள்.

100 பாயின்ட் ரேஸில் ஜெயித்தால் டெர்பி டிக்கெட் கன்ஃபர்ம் என்றே சொல்லலாம். இரண்டாவது வந்தாலே பெரும்பாலும் போதும். இதுதான் ஆட்டத்தையே மாற்றுகிற விஷயம். ஏற்கெனவே போதுமான பாயின்ட் வைத்திருக்கும் குதிரைக்குக் கடைசி பிரெப் ரேஸ் ஒரு 'மாடல் எக்ஸாம்'. பாயின்ட் இல்லாத குதிரைக்கோ அதுவே வாழ்வா சாவா. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் ஓடும். டி.வி-யில் பார்க்கும்போது இந்த வித்தியாசம் தெரியாது, பாயின்ட்ஸ் டேபிள் பார்த்தால்தான் தெரியும்.

ஜப்பான் குதிரைகளுக்கும் ஐரோப்பியக் குதிரைகளுக்கும் தனித் தனிப் பாதை உண்டு. 2024-ல் துபாயில் யு.ஏ.இ டெர்பி ஜெயித்துவிட்டு வந்த ஜப்பானின் ஃபாரெவர் யங், கென்டக்கியில் மூன்றாவது வந்தது. முதல் மூன்று குதிரைகளுக்கும் இடையே மூக்கு அளவு வித்தியாசம்தான்!

ஜெயிச்சது யாருன்னு பார்க்காதீங்க!

பிரெப் ரேஸ் ரிசல்ட்டை மட்டும் பார்த்து முடிவெடுத்தவர்கள் பல்பு வாங்கிய கதைகள் ஏராளம். அதில் நம்பர் ஒன், 1973.

செக்ரட்டேரியட். குதிரை ரேஸ் வரலாற்றின் சூப்பர் ஸ்டார். டெர்பிக்கு இரண்டு வாரம் முன்பு வுட் மெமோரியலில் ஓடியது. மூன்றாவது இடம்! ஜெயித்தது அதே பயிற்சியாளரின் இன்னொரு குதிரையான ஆங்கிள் லைட். 'இது நீண்ட தூரத்துக்குத் தாங்காது' என்று பேச்சு கிளம்பியது. உண்மையில் அதன் வாய்க்குள் ஒரு சீழ்க்கட்டி இருந்தது. கடிவாளம் இழுக்கும் இடத்தில் வலி இருந்தால் எந்தக் குதிரை ஒழுங்காக ஓடும்?

கட்டி சரியானது. டெர்பியில் செக்ரட்டேரியட் எடுத்த நேரம் 1 நிமிடம் 59.4 விநாடி. 50 வருஷம் தாண்டியும் அந்த ரெக்கார்டை யாராலும் தொட முடியவில்லை. அதைவிட ஆச்சர்யம், ஒவ்வொரு கால் மைலையும் முந்தைய கால் மைலைவிட வேகமாக ஓடியது. மற்ற குதிரைகள் களைத்துப்போகும் இடத்தில் இது வேகம் கூட்டியது.

அப்போ எதைத்தான் பார்க்கணும்? இந்த ஐந்தும்...

1. கடைசி 200 மீட்டர்

பெரும்பாலான பெரிய பிரெப் ரேஸ்களின் தூரம் ஒன்றேகால் மைலைவிடக் குறைவு. சுமார் 1.8 கிலோமீட்டர்தான். ஆக, டெர்பி கேட்டில் நிற்கும் குதிரைகளில் அநேகமாக எதுவுமே அந்த முழு தூரத்தை ரேஸில் ஓடியதில்லை. கடைசி 200 மீட்டர் எல்லோருக்கும் புது சிலபஸ்!

அதனால் பிரெப் ரேஸில் குதிரை எப்படி முடிக்கிறது என்று பாருங்கள். கோடு நெருங்கும்போது காலடி சுருங்குகிறதா, இல்லை நீளமாகவே இருக்கிறதா? நேராக ஓடுகிறதா, பக்கவாட்டில் அலைகிறதா? கோட்டைத் தாண்டிய பிறகும் வீடியோவை ஆஃப் செய்யாதீர்கள். ஜாக்கி வேகத்தைக் குறைக்கும் அந்த நேரத்தில், இரண்டாவது வந்த குதிரை முதல் குதிரையைச் சாதாரணமாகத் தாண்டிப் போனால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 'இன்னும் 200 மீட்டர் இருந்திருந்தால்...' என்பதற்கான பதில் அதுதான்.

2. முன்னால் போனவர்கள் எவ்வளவு வேகம்?

2022 டெர்பி. ரிச் ஸ்ட்ரைக் என்கிற குதிரை 20 பேர் லிஸ்ட்டிலேயே இல்லை, வெயிட்டிங் லிஸ்ட். முந்தின நாள் காலை, கெடு முடியும் நேரத்தில் ஒரு குதிரை விலக, இது உள்ளே வந்தது. முந்தைய வருடம் வெறும் 30,000 டாலருக்குக் கைமாறிய குதிரை. ஒரு டாலருக்கு 80 டாலர் என்கிற அளவுக்கு யாரும் நம்பாத குதிரை. அதுதான் ஜெயித்தது! 1913-ல் டோனரெயில் ஜெயித்ததற்குப் பிறகு இவ்வளவு பெரிய ஷாக்கை டெர்பி பார்த்ததில்லை.

மேஜிக் இல்லைங்க, கணக்கு. அன்று முன்னால் போன குதிரைகள் முதல் கால் மைலை 21.78 விநாடியில் ஓடின. டெர்பி வரலாற்றிலேயே அதிவேகத் தொடக்கம். அப்படி ஓடினால் கடைசியில் பெட்ரோல் காலி. பின்னால் பொறுமையாக வந்த ரிச் ஸ்ட்ரைக், களைத்தவர்களை ஒவ்வொன்றாகத் தாண்டி வந்தது.

பிரெப் ரேஸ் பார்க்கும்போதும் இதே கேள்வி. முன்னால் ஜாலியாக, யாரும் துரத்தாமல் ஓடி ஜெயித்த குதிரைக்கு, 20 குதிரை நெருக்கும்போதும் அந்தச் சுகம் கிடைக்குமா?

3. முகத்தில் மண் விழுந்ததா?

பிரெப் ரேஸில் பெரும்பாலும் எட்டு, பத்து குதிரைகள் ஓடும். டெர்பியில் 20. முன்னால் ஓடும் குதிரைகளின் குளம்பு வாரியடிக்கும் மண் முழுக்கப் பின்னால் வருபவர்களின் முகத்தில்தான். சில குதிரைகள் அதைக் கண்டுகொள்ளாது. சில குதிரைகள் தலையைத் தூக்கிக்கொண்டு ஓடவே மறுக்கும். நெருக்கடிக்குள் மாட்டி, மண் வாங்கி, வழி கிடைக்காமல் மூன்றாவது வந்த குதிரை, சொகுசாக வெளியே ஓடி ஜெயித்த குதிரையைவிட அதிகம் கற்றுக்கொண்டு போகிறது.

4. ஜாக்கியின் கை

கடைசி வளைவில் ஜாக்கியின் கைகளைப் பாருங்கள். கை அசையாமல் இருந்தும் குதிரை முன்னேறினால், கையிருப்பு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். ஆரம்பத்திலேயே தள்ளு தள்ளு என்று தள்ளி ஜெயித்தால், இருந்ததையெல்லாம் அன்றே செலவழித்துவிட்டது என்று அர்த்தம். நல்ல பயிற்சியாளர் ஏப்ரலில் குதிரையை உச்சத்துக்குக் கொண்டுவர மாட்டார். உச்சம் மே முதல் சனிக்கிழமைக்கு.

5. எத்தனை நாள் ரெஸ்ட்?

1973-ல் செக்ரட்டேரியட்டுக்கு இரண்டு ரேஸுக்கும் நடுவில் இரண்டு வாரம்தான் கிடைத்தது. இப்போது அந்த வுட் மெமோரியலே ஏப்ரல் தொடக்கத்துக்கு நகர்ந்துவிட்டது. நான்கு, ஐந்து வார இடைவெளியைத்தான் பலரும் விரும்புகிறார்கள். நடுவில் காலை நேரப் பயிற்சி ஓட்டங்கள் நடக்கும். அந்த நேரங்களும் வெளியாகும். 800 மீட்டரை 48 விநாடியில் ஓடினால் நார்மல். ஒழுங்காக வாரம் ஒருமுறை ஓடிக்கொண்டிருந்த குதிரை திடீரென்று ஒரு வாரம் பயிற்சியைத் தவறவிட்டால், அது ஒரு சிக்னல்.

2 வயதில் ஒரு ரேஸ்கூட ஓடாத குதிரை டெர்பி ஜெயிக்காது என்று ஒரு 'சாபக் கதை' உண்டு. 1882-ல் ஜெயித்த அப்போலோவுக்குப் பிறகு 136 வருஷம் அது பலித்தது. 2018-ல் ஜஸ்டிஃபை அதை உடைத்து, டிரிபிள் கிரவுனையும் சேர்த்து அள்ளியது. 2023-ல் நம்ம மேஜும் அதே ரகம்தான். பொறுத்து வளர்க்கும் பாணி இப்போது எடுபடுகிறது.

இந்த ஆட்டத்தின் இருட்டுப் பக்கம்

இதைச் சொல்லாமல் இந்த கைடு முழுமை ஆகாது.

சுமார் 500 கிலோ உடம்பு, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம், அதைத் தாங்குவது மெல்லிய நான்கு கால்கள். ஓட்டத்தின் ஒரு கட்டத்தில் முழு எடையும் ஒற்றைக் காலில் இறங்கும். 3 வயதில் எலும்பு இன்னும் பக்குவப்பட்டுக்கொண்டிருக்கும். பயிற்சியின் சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னைத்தானே கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப்பித்துக் கட்டிக்கொள்ளும். அந்த வேலை முடிவதற்குள் மேலே மேலே சுமை ஏற்றினால், கண்ணுக்குத் தெரியாத சின்ன விரிசல்கள் சேர்ந்து ஒருநாள் முறிவாகும்.

2008-ல் எய்ட் பெல்ஸ் என்கிற பெண் குதிரை டெர்பியில் இரண்டாவது வந்தது. கோட்டைத் தாண்டிய சில விநாடிகளில் முன்னங்கால்கள் இரண்டும் முறிந்தன. அங்கேயே கருணைக்கொலை. 2023-ல் டெர்பியை ஒட்டிய ஒரு மாத காலத்தில் சர்ச்சில் டவுன்ஸில் மட்டும் 12 குதிரைகள் இறந்தன. அங்கே ரேஸையே நிறுத்தி, வேறு மைதானத்துக்கு மாற்றினார்கள்.

2021-ல் முதலாவதாக வந்த மெடினா ஸ்பிரிட்டின் ரத்தத்தில், ரேஸ் நாளில் இருக்கக் கூடாத மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. பட்டம் பறிக்கப்பட்டு, இரண்டாவது வந்த மண்டலூனுக்குப் போனது. மருந்து, பரிசோதனை, பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் நாடு முழுக்க ஒரே விதி வேண்டும் என்று 2020-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்து, 2022-லிருந்து ஒரு தனி அமைப்பு கண்காணிக்கிறது.

2023-ல் ஃபோர்ட்டேயை டெர்பி காலையில் நிறுத்தியபோது ரசிகர்கள் பலருக்கும் ஏமாற்றம்தான். ஆனால், கேட்டுக்குள் போவதற்கு முன்பே 'வேண்டாம்' என்று சொல்ல ஒருவர் இருப்பதுதான் இந்த விளையாட்டின் குறைந்தபட்ச நியாயம். 'வாழ்க்கையில் ஒரே ஒரு சான்ஸ்' என்பது ஓனரின் கவலை, பயிற்சியாளரின் கவலை. குதிரைக்கு டெர்பி என்றால் என்னவென்றே தெரியாது. அதன் கால் வலிக்கிறதா என்பதை வேறு யாராவதுதான் கேட்க வேண்டும்.

நீங்க எப்படி ஃபாலோ பண்ணலாம்?

* ஜனவரியில் ஐந்தே ஐந்து குதிரைகளைத் தேர்ந்தெடுங்கள். போன் நோட்ஸில் பெயர், பயிற்சியாளர், அடுத்த ரேஸ் தேதி, இவ்வளவு போதும்.

* பெரும்பாலான ரேஸ்கள் நமக்கு நள்ளிரவு தாண்டித்தான். தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம். மறுநாள் யூடியூபில் ரீப்ளே பாருங்கள். முதல் தடவை முழு ரேஸ், இரண்டாவது தடவை உங்கள் குதிரையை மட்டும்.

* ஒவ்வொரு ரேஸுக்குப் பிறகும் ஒரு வரி எழுதுங்கள். 'ஜெயிச்சது' என்று எழுதாதீர்கள். 'கடைசியில் நேராக ஓடியது', 'மண் பட்டதும் தயங்கியது' என்று எழுதுங்கள்.

* விலகிய குதிரைகளை லிஸ்ட்டிலிருந்து அழிக்காதீர்கள். ஏன் விலகியது, எப்போது திரும்பி வருகிறது என்பதும் கதைதான்.

* டெர்பி நமக்கு ஞாயிறு அதிகாலை 4.30 மணிவாக்கில். அந்த ஒரு நாளைக்கு மட்டும் அலாரம் வைக்கலாம், தப்பில்லை.

* பெட்டிங் ஆப் பக்கம் மட்டும் போகாதீர்கள். எட்டு மாசம் ஃபாலோ பண்ணியவர்களையே ரிச் ஸ்ட்ரைக் ஏமாற்றியது. பணம் கட்டாமல் பார்த்தால்தான் குதிரை கண்ணுக்குத் தெரியும்.

காத்திருந்தவனுக்கு...

ஆரம்பத்தில் சொன்ன சாவரின்ட்டிக்கு வருவோம். 2025-ல் டெர்பியை ஜெயித்துவிட்டது. இரண்டு வாரத்தில் ப்ரீக்னஸ், அடுத்த மூன்று வாரத்தில் பெல்மான்ட். மூன்றையும் ஜெயித்தால் டிரிபிள் கிரவுன். 150 வருஷத்தில் 13 குதிரைகள் மட்டுமே தொட்ட உச்சம். யாராக இருந்தாலும் ஓடத்தானே வைப்பார்கள்?

பயிற்சியாளர் பில் மாட், 'இரண்டு வாரம் பத்தாது' என்று ப்ரீக்னஸுக்கே அனுப்பவில்லை. டிரிபிள் கிரவுன் கனவை அவரே மூட்டை கட்டி வைத்தார். விமர்சனங்கள் பறந்தன. டெர்பியில் இரண்டாவது வந்த ஜர்னலிஸம், ப்ரீக்னஸில் ஜெயித்தது.

ஜூன் மாதம் பெல்மான்ட்டில் இரண்டும் மறுபடி மோதின. ஐந்து வாரம் ரெஸ்ட் எடுத்து வந்த சாவரின்ட்டி முதலிடம். ஜர்னலிஸம் இரண்டாமிடம். ஆகஸ்ட்டில் ட்ராவர்ஸ் ஸ்டேக்ஸையும் சாவரின்ட்டியே ஜெயித்தது.

அடுத்த வருஷம் பிரெப் ரேஸ் சீஸனில், நீங்கள் பிடித்துவைத்த ஐந்து குதிரைகளில் ஏதாவது ஒன்று 'இந்த ரேஸில் ஓடவில்லை, ஓய்வில் இருக்கிறது' என்று செய்தி வந்தால் சோர்ந்துபோகாதீர்கள். அந்தக் குதிரைக்கு நல்ல ஆள் கிடைத்திருக்கிறார் என்று நோட்ஸில் எழுதிவையுங்கள்!